சொல்லுக்குப் பக்கத்தில் யார்?

நார்மன் லூவிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈசி’யைப் படிக்காதவர்கள்கூட அதைப் பார்த்திருப்பார்கள். பழைய புத்தகக் கடையில், அக்காவின் மேசையில், மேற்படிப்புக்குத் தயாராகிற நண்பனின் பையில் என்று எங்கேயாவது அது கிடக்கும். பெரும்பாலான பிரதிகளில் முதல் ஐம்பது பக்கம் அழுக்கேறியும் மிச்சம் புத்தம் புதிதாகவும் இருக்கும். 1949இல் அமெரிக்காவில் வந்த நூல். எழுபது ஆண்டு தாண்டியும் இந்தியாவிலும் நம் பக்கத்திலும் விற்றுக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘உயர்ந்த’ சொல்வளம் வேண்டும் என்று கேட்டால் முதலில் கைகாட்டப்படுவது இன்னமும் இதுதான்.

இலக்கிய இதழில் இதையெல்லாம் விமர்சிக்கணுமா என்று கேட்கலாம். விமர்சிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் நாம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். அகராதியையும் சொற்பட்டியலையும் எடுத்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் சொல் என்றால் என்ன, அது எப்படி ஒருவருக்குச் சொந்தமாகிறது என்பது பற்றி இந்த நூலுக்கும் ஒரு கருத்து இருக்கிறது. எத்தனையோ இளைஞர்கள் அந்தக் கருத்தை நூலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூவிஸ் சொல்லின் வேரைக் காட்டுவதில் கெட்டிக்காரர். சொல்லின் பக்கத்து வீட்டைக் காட்டுவதில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேரும், எதோடு சேராது, யார் வாயிலிருந்து யாரை நோக்கி வரும் என்பதைத்தான் பக்கத்து வீடு என்கிறேன். நம்மைப் போல ஆங்கிலத்தைப் பள்ளியில் மட்டும் கற்றவர்கள் அடிபடுவது அங்கேதான்.

*

முதலில் அவருக்குத் தர வேண்டிய மரியாதை.

லூவிஸ் சொற்களை அகர வரிசையில் அடுக்குவதில்லை. கருத்து வாரியாகக் கூட்டம் சேர்க்கிறார். மனிதர்களின் குணங்கள், மருத்துவர்கள், அறிவியலாளர்கள், பொய்யர்கள், பேச்சுப் பழக்கங்கள், எதிரிகளைத் திட்டுவது, நண்பர்களைப் புகழ்வது என்று அத்தியாயங்கள் போகும். ஒவ்வொன்றிலும் பத்து சொல். அந்தப் பத்தைப் பிளந்து உள்ளே இருக்கும் கிரேக்க, லத்தீன் வேர்களை எடுத்துக் காட்டுவார். அந்த வேரிலிருந்து கிளைக்கிற வேறு சொற்களைக் கொண்டுவந்து சேர்ப்பார்.

முதலில் வரும் குணங்கள் அத்தியாயத்தையே பாருங்கள். ‘மிஸாந்த்ரோப்’ என்றால் மனித குலத்தையே வெறுப்பவர். ‘மிஸாஜினிஸ்ட்’ பெண்களை வெறுப்பவர். ‘மிஸாகமிஸ்ட்’ திருமணத்தை வெறுப்பவர். மூன்றிலும் முன்னால் நிற்பது வெறுப்பைக் குறிக்கும் கிரேக்க வேர். பின்னால் முறையே மனிதன், பெண், திருமணம். இது பிடிபட்டதும் மானுடவியலைக் குறிக்கும் ‘ஆந்த்ரபாலஜி’, மகப்பேற்று மருத்துவமனைப் பலகையில் பார்த்த ‘கைனகாலஜிஸ்ட்’, பலதார மணத்தைக் குறிக்கும் ‘பாலிகமி’ எல்லாம் தாமாகவே திறந்துகொள்கின்றன.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் தனி சுகம் உண்டு. பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்து மேய்ந்து பழகியவர்கள் நாம். ‘ஆங்கிலத்திலும் பிரிக்கலாமா!’ என்ற ஆச்சரியத்திலேயே பாதி நூல் ஓடிவிடும்.

இதில் ஒரு சமூக நியாயமும் இருக்கிறது. ‘கண் மருத்துவர்’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும் ஆறு வயதுத் தமிழ்க் குழந்தைக்கும் பொருள் புரியும். ‘ஆஃப்தல்மாலஜிஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்கும் ஆறு வயது ஆங்கிலேயக் குழந்தைக்குப் புரியாது. ஆங்கிலத்தின் வீட்டுச் சொற்கள் ஒரு குடும்பம், படிப்புச் சொற்கள் வேறொரு குடும்பம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்ட முடியாமல் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குகிறார்கள் என்று டேவிட் கார்சன் 1985இல் ‘தி லெக்சிகல் பார்’ என்று ஒரு நூலே எழுதினார். ஒரு காலத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்றுத்தரும் பள்ளிக்குப் பணம் கட்டியவர்களிடம் இருந்த சாவியை லூவிஸ் மலிவு விலைக் காகித அட்டையில் போட்டுக் கொடுத்தார். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தச் சாவியை விற்க அவர் சொன்ன காரணத்தை ஏற்க முடியவில்லை. நூலின் தொடக்கத்திலேயே சொல்வளத்தையும் வாழ்க்கை வெற்றியையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார். அதற்குப் பின்னால் நிற்பவர் ஜான்சன் ஓ’கானர். அமெரிக்காவில் ‘ஹியூமன் இஞ்சினியரிங் லேபரட்டரி’ நடத்தியவர். பெரிய நிறுவன நிர்வாகிகளைச் சோதித்துப் பார்த்தபோது அவர்களுக்குச் சொல்வளம் மிகுதியாக இருந்தது என்று 1930களிலேயே எழுதினார். இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சொல் தெரிந்ததால் நாற்காலி கிடைத்ததா? அல்லது நாற்காலியும் நல்ல பள்ளியும் வீடு நிறையப் புத்தகமும் ஒரே குடும்பத்தில் ஒன்றாக இருந்தனவா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘சொல் சேர்த்தால் மேலே போகலாம்’ என்று முடிப்பது விளம்பரம். தமிழ்ப்பள்ளி முடித்து, புதுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாயோடு மல்லுக்கட்டி, பிறகு ஆங்கிலத்தைத் தேடி ஓடுகிற நம் பிள்ளைகளிடம்தான் இந்த விளம்பரம் நன்றாக எடுபடுகிறது. சொல் தெரியாததுதான் தன்னுடைய ஒரே குறை என்று அவன் நம்பத் தொடங்கிவிடுகிறான்.

*

வார இறுதியில் சில மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மூவெட் என்று நாம் சொல்லும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அதில் ஒரு பையன் தன் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தான். முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து போவது, கையில் பால் வாடை, மழை வந்தால் அன்றைய கூலி போவது என்று நல்ல கட்டுரை. நடுவில் ஒரு வரி: என் அப்பா ஓர் ‘இன்வெட்டரேட்’ மரஞ்சீவி.

நான் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். அவன் விடவில்லை.

“சார், ‘வெட்டஸ்’னா பழசு. ‘வெட்டரன்’னா அனுபவசாலி. இன்வெட்டரேட்டும் அதே ரூட்தானே? ரொம்ப காலமா ஊறிப்போனவர்னு அர்த்தம். அப்பாவுக்கு முப்பது வருசம். அப்புறம் எப்படித் தப்பு?”

வேர்க்கணக்கில் அவன் சொன்னதில் பிசகே இல்லை. லூவிஸ் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பொய்யன், சூதாடி, குடிகாரன், விடாமல் புகைப்பவன். அது வேலையின் மூப்பைச் சொல்ல வந்த சொல்லே இல்லை. விட முடியாத பழக்கத்தைச் சொல்ல வந்தது. அந்த ஒரு சொல்லால் முப்பது வருட உழைப்பு ஒரு கெட்ட பழக்கமாகிவிட்டது. தேர்வில் இதற்கு எத்தனை மதிப்பெண் குறையும் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாவைக் கௌரவிக்கத்தான் அவன் அந்தப் பெரிய சொல்லைத் தேடிப் போனான். அது அவரைக் குடிகாரர்களோடு கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

லூவிஸ் இதைச் சொல்லாமல் விடவில்லை. அந்தச் சொல் பொதுவாகக் கண்டனத் தொனியில் வரும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆனால் வரி ஒன்றுதான். அதன் பிறகு வருவது பயிற்சிகள். உச்சரித்துப் பார், பொருளோடு பொருத்து, சரியா தவறா சொல், குறிப்பைப் பார்த்துச் சொல்லை எழுது. பயிற்சி எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவன் நினைவில் வைப்பான். வேரும் பொருளும் தெரிந்தால் எல்லாப் பயிற்சியிலும் வென்றுவிடலாம். ‘இந்தச் சொல்லை யாரைப் பற்றிச் சொல்ல மாட்டாய்?’ என்று ஒரு பயிற்சிகூட கேட்பதில்லை.

நம் மொழியில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று புரியும். ‘மொடாக் குடிகாரன்’ என்கிறோம். மொடா என்றால் பெரிய பானை. அப்படியென்றால் நிறையப் படிப்பவரை ‘மொடா வாசகர்’ என்று சொல்லலாமா? கிண்டலுக்குச் சொல்லலாம். ‘அண்டப்புளுகன்’ உண்டு, ‘அண்டப்படிப்பாளி’ கிடையாது. ‘பழுத்த அனுபவம்’ மரியாதை. ‘பழுத்த திருடன்’ என்றால் திருடனுக்கு விருது கொடுப்பதுபோல் இருக்கும். இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்றுத் தரவில்லை. வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு, எது எதோடு வரும் என்று காது தெரிந்துகொண்டது.

தொல்காப்பியர் இதை உரியியலில் சொல்லிவைத்திருக்கிறார். அரிய சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்தி விளக்குவதுதான் அந்த இயலின் வேலை, ஏறத்தாழ ஒரு சொற்பட்டியல். ஆனால் முடிக்கும்போது, சொல்லுக்கு முன்னும் பின்னும் வருவதை நாடிப் பார்த்துப் பொருள் உணர்த்த வேண்டும் என்கிறார். பட்டியல் போட்டவரே பட்டியல் போதாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்றைய மொழியியலார் சொற்களின் உடன்வரவு என்று பெரிய தரவுத்தொகுப்புகளை வைத்து ஆராய்வது ஏறக்குறைய இதைத்தான்.

நம்மிடமும் மனப்பாட மரபு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிகளில் நெட்டுருப் போட்டார்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று திவாகரம் தொகுதி பிரித்திருப்பதற்கும் லூவிஸ் அத்தியாயம் பிரித்திருப்பதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் நிகண்டு படித்தவன் கூடவே செய்யுளும் படித்தான். ஒரு பூவுக்கு நான்கு பெயர் நிகண்டில் கற்றான் என்றால், அதில் எந்தப் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைப் பாட்டில் கண்டான். நிகண்டைத் தனியே பிடுங்கி எடுத்து ‘இதுதான் தமிழ்’ என்று அன்று யாரும் விற்கவில்லை.

*

லூவிஸ் நூலிலேயே இதற்கு ஒரு மாற்றுச் சான்று இருக்கிறது. என் கணக்கில் அந்த நூலின் ஆகச் சிறந்த அத்தியாயமும் அதுதான்.

பொய்யர்கள் பற்றிய அத்தியாயம். இங்கே பத்து சொல்லும் பெயரடைகள், பத்தும் ‘லையர்’ என்ற ஒரே சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ஊரறிந்த பொய்யன், பொய்யில் கைதேர்ந்தவன், திருத்தவே முடியாதவன், பிறவிப் பொய்யன், மனநோயாகவே பொய் சொல்பவன், நாக்கு வழுக்கிப் பேசுகிறவன் என்று பத்து நிழல்கள். படித்து முடித்தால் சொல் மட்டும் மனதில் நிற்காது, அது வந்த கூட்டணியோடு நிற்கும். மற்ற அத்தியாயங்களின் சொற்கள் மறந்துபோன பலருக்கும் இந்த அத்தியாயம் மறப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். காரணம் எனக்குத் தெளிவு. இங்கே மட்டும் சொல் தன் பக்கத்து வீட்டோடு வருகிறது.

இதே அத்தியாயத்தில் வரும் ‘எக்ரீஜியஸ்’ என்ற சொல் வேர்முறையின் எல்லையையும் காட்டிவிடுகிறது. லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையிலிருந்து விலகித் தெரிவது எக்ரீஜியஸ். முன்பு ஆங்கிலத்தில் இது பாராட்டு. தனித்து ஒளிர்பவர் என்று பொருள். இன்று இதற்குப் பக்கத்தில் வருவது தவறு, அநீதி, பொய். மந்தையிலிருந்து விலகியவன் நல்லவனா கெட்டவனா என்று வேர் சொல்லாது. மக்கள் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதுதான் சொல்லும்.

*

‘உயர்ந்த சொல்வளம்’ என்ற கருத்தையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் கல்விப்புலச் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பல துறைப் பாடநூல்கள், ஆய்வுக் கட்டுரைகள் என்று ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை அலசி, மிகப் பொதுவான 2000 சொற்களுக்கு வெளியே எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பொறுக்கினார். கிடைத்தவை 570 சொற்குடும்பங்கள். ஒரு வேரிலிருந்து வரும் பெயர், வினை, அடை எல்லாம் சேர்ந்தது ஒரு குடும்பம். கல்விப்புல எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்தக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறது. அந்தப் பட்டியலில் பளபளப்பு எதுவும் கிடையாது. கருது, பெறு, சுட்டு, நிறுவு, காரணி, பகுப்பாய்வு என்று மூட்டை தூக்கும் சொற்கள். லூவிஸின் மனித வெறுப்பாளர்களும் மணவெறுப்பாளர்களும் அங்கே தலை காட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மாணவர்களை எதிர்ச்சொல் மனப்பாடத்தில் தள்ளிய ஜிஆர்இ தேர்வே 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் கைவிட்டுவிட்டது.

அப்படியானால் ஆர்வெல் பக்கம் சாய்ந்துவிடலாமா? சின்னச் சொல் போதுமென்றால் பெரிய சொல்லைப் போடாதே என்று 1946இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றிய கட்டுரையில் அவர் விதி வகுத்தார். நல்ல விதிதான். ஆனால் அது ஆங்கிலத்தில் பிறந்தவருக்கு எழுதிய விதி. நமக்குப் பெரிய சொல்லைவிடச் சின்னச் சொல்தான் கஷ்டம். ‘டாலரேட்’ என்றால் பொறுத்துக்கொள், அவ்வளவுதான். அதையே ஆங்கிலேயர் வீட்டுப் பேச்சில் ‘புட் அப் வித்’ என்பார்கள். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் டவுன்’ என்றால் மட்டம் தட்டு, ‘புட் அவுட்’ என்றால் அணை. எல்லாம் ஒரே ‘புட்’. இதை எந்த லத்தீன் வேரும் காப்பாற்றாது. தமிழ் கற்க வரும் ஒரு ஜப்பானியரிடம் போட்டுக்கொடுத்தான், போட்டுத்தள்ளினான், போட்டு வாங்கினான் மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டுப் பாருங்கள், தெரியும். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ஏதோ ஒரு கிரேக்கச் சொல்லுக்கு உரியதல்ல. ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு உரியது.

ஆக நமக்குத் தேவையான ‘உயர்ந்த’ சொல்வளம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று மூட்டை தூக்கும் கல்விச் சொற்கள். மற்றது வாய்க்குள் புழங்கும் குட்டிச் சொற்கள். இரண்டையும் படித்தும் கேட்டும்தான் பெற முடியும். பால் நேஷன் 2006இல் போட்ட கணக்குப்படி, அகராதியின் துணையில்லாமல் ஆங்கில நாவலும் செய்தித்தாளும் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை. மலைக்க வைக்கும் எண் இது. பத்துப் பத்தாகப் பட்டியல் போட்டால் மலைப்பு தீராது. நாவல் நாவலாகப் படித்தால் ஒரே சொல் ஐந்து இடத்தில், ஐந்து கூட்டாளிகளோடு வந்து எதிர்ப்படும்.

*

எதிரிகளைத் திட்டுவது எப்படி என்ற அத்தியாயத்துக்கு வருகிறேன். லூவிஸின் நகைச்சுவை துள்ளுவது இங்கேதான். கட்டுப்பாட்டு வெறியன், காக்காய் பிடிப்பவன், நுனிப்புல் மேய்பவன், இல்லாத நோயை நினைத்துப் புலம்புபவன் என்று மனிதர்களுக்கு ஒட்டும் சீட்டுகள். அவற்றில் ஒன்று ‘விராகோ’. வாயாடி, சண்டைக்காரி என்று பொருள். அதன் வேர் லத்தீனில் ‘விர்’, அதாவது ஆண். ஆண்மகனைப் போன்ற வீரப் பெண் என்பதே பழைய பொருள். வீராங்கனை எப்போது வாயாடியானாள், ஆக்கியது யார் என்ற கேள்விக்கு நூல் நிற்பதில்லை. சொல்லைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. திட்டும் சொல்லைக் கற்பவர் எப்போதும் திட்டும் இடத்திலேயே நிற்பார் என்று இந்த மாதிரி நூல்கள் நினைத்துக்கொள்கின்றன. திட்டு வாங்குகிறவரும் அதே பட்டியலைப் படிக்கக்கூடும் என்ற எண்ணம் வருவதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆங்கில ‘உயர்’ சொற்பட்டியல்களில் நம் வீட்டிலிருந்து போன சொல் ஒன்று இருக்கிறது. ஜிஆர்இ பட்டியல்களில் தவறாமல் வரும். ‘பரையா’. எதிரே பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். பக்கத்து வீடுகள்: உலக அரங்கில் ஒதுக்கப்பட்ட நாடு, கட்சியில் ஒதுக்கப்பட்ட தலைவர். கொஞ்சம் பெரிய அகராதி என்றால் வேரும் இருக்கும்: தமிழ், பறை, பறை அடிப்பவர்.

வேர் சரி, பொருளும் சரி. ஆனால் பறை அடிப்பவர் எப்படி ஒதுக்கப்பட்டவர் ஆனார்? வேருக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு சமூகத்தின் நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அவற்றை ஒரு சிறு கோட்டால் தாண்டிவிடுகிறது பட்டியல். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதிகூட, தமிழ்நாட்டின் மிகப் பெரிய சமூகங்களில் ஒன்றின் பெயர் இது என்று விளக்கி, ஐரோப்பியர் அதைச் சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்ற பொருளில் புழங்குவதிலுள்ள பிசகைச் சுட்டுகிறது. பிசகு அப்படியே தங்கி, தேர்வுப் பட்டியலில் சரியான விடை ஆகிவிட்டது.

இந்தச் சொல்லை வைத்துத் தமிழுக்குள்ளேயே எவ்வளவு பெரிய விவாதம் நடந்திருக்கிறது! இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்படும் பெயரைத் தன் பெயராக ஏந்திக்கொண்டு உரிமை கேட்பது அவர் வழி. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது எதிரிகள் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஒரே சொல்லின் முன் நின்று இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு திசையில் நடந்தார்கள். இந்த விவாதம் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சொல் தெரியும் என்பேன். ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று விடை எழுதி மதிப்பெண் வாங்கியவருக்குத் தெரிந்தது அதன் ஒலி மட்டும்தான்.

இந்த நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மலாய்ப் பேச்சிலும் இச்சொல் வசையாகப் புழங்குகிறது. தெருச் சண்டையில் காதில் விழும்போது அது ‘உயர் சொல்வளம்’ போல ஒலிப்பதில்லை. அப்துல்லா ஹுசைன் 1971இல் எழுதிய ‘இந்தர்லோக்’ நாவல் 2011இல் ஐந்தாம் படிவ மலாய்மொழிப் பாடத்தின் இலக்கிய நூலானபோது எழுந்த எதிர்ப்பின் நடுவில் இருந்ததும் இந்தச் சொல்தான். கடைசியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. அந்த நாவலைப் பற்றித் தனியாகப் பேச நிறைய உண்டு. இங்கே நான் காட்ட விரும்புவது ஒன்றுதான்: ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி, வகுப்பறையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. நம் எதிர்ப்பிலும் இரண்டு குரல் இருந்திருக்க வேண்டும். ‘எங்களை எப்படி அந்தச் சொல்லால் சொல்லலாம்’ என்று கோபப்பட்டவர்களில் எத்தனை பேர், தம் வீட்டுக்குள் அதே சொல் எப்படிப் புழங்குகிறது என்று யோசித்தார்கள்? சொல்வளம் என்று நான் கருதுவதில் இந்த யோசனையும் அடங்கும்.

*

ஆங்கிலத்தில் எழுதிய நம் ஆட்களில் கே.எஸ். மணியத்தை எடுத்துக்கொள்வோம். 1981இல் வந்த ‘தி ரிட்டர்ன்’ நாவலில் ரவி தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். மிஸ் நான்சி என்ற ஆசிரியை வழியாக அவனுக்கு ஆங்கிலம் வருகிறது. கூடவே அவன் கண்ணால் கண்டிராத ஓர் உலகமும் வருகிறது. சொல் சேரச் சேர அவன் வீட்டை விட்டு விலகிக்கொண்டே போகிறான். மேலே போக ஆங்கிலம் உதவும் என்ற லூவிஸின் வாக்கு ரவி விஷயத்தில் பலிக்கிறது. அதற்கு அவன் கொடுத்த விலையைத்தான் மணியம் நாவலாக எழுதினார்.

அந்த நாவலை அகராதியோடு உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. அதில் கனக்கும் சொற்கள் வீடு, நிலம் போன்றவை. இந்த மண்ணில் தனக்கென்று ஓரிடம் வேண்டும் என்று பாட்டி பெரியத்தாய் தவித்ததையும், அதே தவிப்பு அப்பாவைப் பிடித்து ஆட்டியதையும் படித்த பிறகு, முதல் வகுப்பில் படித்த ‘ஹவுஸ்’ என்ற சொல் பழைய மாதிரி இருக்காது. எந்தப் பட்டியலிலும் அது உயர்ந்த சொல் இல்லை. ஆனால் மணியம் அதற்குப் புதிய பக்கத்து வீடுகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆங்கிலத்தில் நம் சொல்வளம் இப்படியும் வளர முடியும் என்பதை நாம் கவனிக்கவே இல்லை.

லூவிஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேர்களுக்காகப் படியுங்கள், தமிழ் மூளைக்கு நல்ல விருந்து. பொய்யர் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். வெற்றி பற்றி அவர் சொல்வதை விட்டுவிடுங்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் சொல்லும் பொருளும் என்று இரண்டு பத்தியாகக் கோடு போடாதீர்கள். அந்தச் சொல்லைக் கண்டெடுத்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னது என்று ஓரத்தில் குறியுங்கள். மனிதர்களுக்குச் சீட்டு ஒட்டும் சொல்லாக இருந்தால் இன்னும் ஒரு வரி சேர்த்து, இதைக் கேட்டால் யாருக்கு வலிக்கும் என்றும் எழுதிவையுங்கள்.

அந்தப் பையனின் கட்டுரையில் திருத்தம் சின்னதாகத்தான் முடிந்தது. ‘வெட்டரன்’ போடலாமா என்று கேட்டான். போடலாம், பிழையில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடைமொழியையே அடித்துவிட்டான். முப்பது வருடம் மரம் சீவினார் என்று மட்டும் எழுதினான். மூவெட் திருத்துகிறவர் அதில் உயர்ந்த சொல்வளத்தைக் காண்பாரா தெரியாது. எனக்கு அந்த வரி போதும்.